கண்ணாடியை வீட்டில் விட்டுவந்தவர்கள்: பெருந்தொற்றுக் காலமும் யாழ்ப்பாணத்தின் வளர்ந்தோர் எழுத்தறிவும்

“கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன் தம்பி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ.”

யாழ்ப்பாணத்தில் வங்கியிலோ தபாற்கந்தோரிலோ பிரதேச செயலகத்திலோ வரிசையில் நின்ற எவருக்கும் இந்த வசனம் பழக்கமானது. கேட்பவர்களில் சிலரிடம் கண்ணாடியே கிடையாது. வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். கண் தெரியவில்லை என்று சொல்வதில் வெட்கமில்லை. கேட்கப்படுபவருக்கும் விடயம் விளங்கும். விளங்காதமாதிரி வாசித்துச் சொல்லிவிட்டுப் போவதுதான் இங்குள்ள மரியாதை.

2020 மார்ச்சுக்குப் பிறகு இந்த ஏற்பாடு குலைந்தது. பாடசாலைகள் மார்ச் 13 முதல் மூடப்பட்டன. மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. இரண்டு நாட்களில் யாழ்ப்பாணத்தின் முதலாவது கொவிட் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டார். தாவடிப் பகுதி முடக்கப்பட்டது. மாவட்டம் அபாய வலயமாகக் கணிக்கப்பட்டு, பல மாவட்டங்களில் ஊரடங்கு தளர்ந்த நாட்களிலும் இங்கே தளரவில்லை. பிள்ளைகளின் படிப்பு கைத்தொலைபேசிக்குள் வந்தது. அதைத் திறந்து, வாசித்து, பிள்ளைக்கு விளங்கப்படுத்தும் வேலை தாயின் கையில் விழுந்தது. வரிசையில் யாரிடமோ கேட்டுச் சமாளித்த தாய்க்கு, வாசித்துச் சொல்ல வீட்டுக்குள் எவருமில்லை.

இணையவழிக் கல்வியைப் பற்றி அந்த நாட்களில் நிறையப் பேசப்பட்டது. சிக்னல் இல்லை, போன் இல்லை, டேற்றாவுக்குக் காசில்லை என்ற மூன்றும் உண்மையான பிரச்சினைகள்தான். நாட்டில் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் கணினி இருந்தது. ஆனால் நான்காவது ஒன்று பேசப்படவில்லை. வீட்டிலிருந்து படிக்கும் எந்த முறையும், வீட்டில் வாசிக்கத் தெரிந்த வளர்ந்த ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறது. குடாநாட்டில் எல்லா வீடுகளிலும் அப்படி ஒருவர் இல்லை. ஏன் இல்லை என்பதற்குக் கணக்குப் போட்டாலே போதும்.

வயதுக் கணக்கு

2020இல் ஆரம்ப வகுப்புகளில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் 28 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கி, மின்சாரம் அறுந்து, பொருளாதாரத் தடை இறுகியபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு 2020இல் நாற்பது வயது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது தாயின் கையைப் பிடித்து நடந்த ஆறு வயதுப் பிள்ளைக்கு முப்பத்தொரு வயது. அந்தப் பிள்ளை முதலாம் வகுப்பைத் தொடங்கிய வருடம் அது. பிறகு சிலர் 1996இல் திரும்பி வந்தார்கள். சிலர் வன்னிக்குப் போய், 2009 வரை இடம் மாறிக்கொண்டே இருந்து, மெனிக்பாம் முகாம் வழியாகத்தான் ஊர் திரும்பினார்கள். 2000இல் தென்மராட்சி இன்னொரு முறை இடம்பெயர்ந்தது. வடமராட்சி கிழக்குக் கரையோரத்துக்குப் போர் போதாதென்று 2004 டிசம்பரில் ஆழிப்பேரலையும் வந்தது. 1990 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் படிப்பைத் திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது.

பாடசாலைகள் இயங்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. மரத்தடியில், கோவில் மண்டபத்தில், தகரக் கொட்டகையில் வகுப்பு நடத்திய ஆசிரியர்கள் இல்லாவிட்டால் இந்த மண்ணில் இன்று பல்கலைக்கழகம் போனவர்கள் பாதிப்பேர் போயிருக்க மாட்டார்கள். அந்தப் பெருமையை நாம் சரியாகவே சொல்லிவருகிறோம். ஆனால் அதே கொட்டகையில் மூன்று முறை முதலாம் வகுப்பைத் தொடங்கி மூன்று முறையும் முடிக்காமல் விட்ட பிள்ளையும் இருந்தது. தகப்பன் இல்லாமல் போனதால் கடலுக்கோ தோட்டத்துக்கோ போன பிள்ளை, தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நின்ற மூத்த பெண்பிள்ளை, வேறு வேறு காரணங்களுக்காகப் பதின்ம வயதில் அவசரமாகக் கலியாணம் கட்டிவைக்கப்பட்ட பெண்பிள்ளை. இவர்கள் சித்தியடைந்தவர்களின் பட்டியலில் வராதவர்கள்.

போருக்கு முந்திய காரணமும் ஒன்று உண்டு. கல்வியில் சிறந்தது என்று பேரெடுத்த யாழ்ப்பாணத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கவே சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் போராட வேண்டியிருந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்த பிறகும் பல கிராமங்களில் பாடசாலை வாசல் எல்லோருக்கும் ஒரே அளவில் திறக்கவில்லை. போர் வந்தபோது, ஏற்கனவே கடைசி வாங்கில் இருந்த குடும்பங்களே முதலில் படிப்பை விட்டன. இதைச் சொல்லாமல் எழுத்தறிவைப் பற்றி எழுதுவது அரைகுறையாகப் போய்விடும்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் பத்து வயதுக்கு மேற்பட்டோரின் எழுத்தறிவு 95.7 வீதம். தெற்காசியாவில் மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. இது பொய்யல்ல, ஆனால் குடிசன மதிப்பீட்டில் எழுத்தறிவு கேட்டு எழுதப்படுகிறது, சோதித்துப் பார்க்கப்படுவதில்லை. “வாசிப்பீங்களோ?” என்று விதானையார் வீட்டுத் திண்ணையில் வைத்து அயலவர் கேட்கக் கேட்கும்போது, கையெழுத்து மட்டும் வைக்கத் தெரிந்தவர் “ஓம்” என்றுதான் சொல்வார். கையெழுத்துக்கும் வாசிப்புக்கும் இடையில் நிற்கும் இந்த மனிதர்கள் எந்த அட்டவணையிலும் வருவதில்லை. பெயரை எழுதுவார்கள், ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டி மூன்றாவது சொல்லில் நின்றுவிடுவார்கள்.

முதலில் மூடப்பட்ட வகுப்பு

வளர்ந்தோருக்கு எழுத்துக் கற்பிக்கும் பொறுப்பு இலங்கையில் கல்வி அமைச்சின் முறைசாராக் கல்விப் பிரிவிடம் இருக்கிறது. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் ஆகிய ஐந்து கல்வி வலயங்களிலும் அதற்கான உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். எழுத்தறிவு நிலையங்கள், சமூகக் கற்றல் நிலையங்கள், பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது ஆகியவை இதன் கடமைகள். கட்டாயக் கல்வி வயது 1998 முதல் 5 தொடக்கம் 14 ஆகவும், 2016இல் 16 வரையும் நீட்டப்பட்டது. ஆக, இந்தப் பிரிவு பிள்ளைகளைத் தேடிப்பிடிப்பதில் கூடுதலாக மினக்கெடுகிறது. வளர்ந்தோருக்கென்று வரும் வகுப்புகளில் தையலும் கேக்கும் மணப்பெண் அலங்காரமும் நிரம்பும். எழுத்து வகுப்பில் ஆட்கள் குறைவு. தையல் வகுப்புக்குப் போவதை எவரிடமும் சொல்லலாம் அல்லவா?

இந்த வகுப்புகள் பாடசாலைக் கட்டடத்திலோ பொதுமண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ நடப்பவை. பாடசாலை மூடியதும் இவையும் மூடின. பிள்ளைகளுக்கு மாற்று ஏற்பாடுகள் வந்தன: கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம், ‘குருகெதர’ தொலைக்காட்சிப் பாடங்கள், தமிழுக்கு நேத்ரா அலைவரிசை, ஆசிரியர்கள் தாங்களாகவே தொடங்கிய வட்ஸ்அப் குழுக்கள், பிறகு சூம். குறையோடு என்றாலும் ஏதோ ஒன்று இருந்தது. வளர்ந்தோருக்கு எதுவும் இருக்கவில்லை.

இது இலங்கையின் தவறு மட்டுமல்ல. 2020 செப்டெம்பர் 8 சர்வதேச எழுத்தறிவு தினத்தில் யுனெஸ்கோ இதையேதான் சொன்னது. பல நாடுகளின் முதற்கட்ட கொவிட் கல்வித் திட்டங்களில் வளர்ந்தோர் எழுத்தறிவு இடம்பெறவே இல்லை; நடந்துகொண்டிருந்த நிகழ்ச்சித்திட்டங்களும் நின்றன. உலகில் அப்போது எழுத வாசிக்கத் தெரியாத இளையோரும் வளர்ந்தோரும் 77 கோடிக்கு மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெண்கள். அடுத்த ஆண்டு அதே நாளின் கருப்பொருள் இலத்திரனியல் இடைவெளியைக் குறைப்பது பற்றியதாக இருந்தது.

குரல் பதிவு என்னும் ஊன்றுகோல்

முடக்க காலத்தில் எழுத்துத் தெரியாத ஒரு தாய் வட்ஸ்அப் குழுவை எப்படிக் கையாண்டார்? எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவின் வழி இது: ஆசிரியை அனுப்பும் செய்தி எழுத்தில் வந்தால் அதை அப்படியே கனடாவிலுள்ள தங்கைக்கு அனுப்பிவிடுவார். அவர் வாசித்து, குரல் பதிவாகத் திருப்பி அனுப்புவார். அங்கே இரவென்றால் பதில் வரப் பின்னேரமாகும். நாலாம் வகுப்புப் படிக்கும் மகனின் கணக்குப் பாடம் யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோ போய்த் திரும்பி வந்தது. ஒருநாள் ஆசிரியை தற்செயலாகக் குரல் பதிவில் பாடம் சொன்னார். அன்று அந்த வீட்டில் பாடம் காலையிலேயே முடிந்துவிட்டது.

குரல் பதிவு இந்த மக்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வாசிக்கத் தெரிந்தவர்கள் உணர்வது கடினம். வெளிநாட்டிலுள்ள மகனுக்குக் கடிதம் எழுத இன்னொருவரைத் தேடி, மனதில் உள்ளதை அந்த ஆளுக்கு முன்னால் சொல்லி, அவர் எழுதியதை நம்பி ஒட்டி அனுப்பிய காலம் போய்விட்டது. பச்சைப் பொத்தானை அழுத்திப் பேசினால் போதும். அதே நேரம் இந்த வசதிதான் எழுத்தறியாமையை இன்னும் ஆழத்தில் ஒளித்தும் வைக்கிறது. போனில் நாள் முழுக்க இருக்கும் ஒருவருக்கு வாசிக்கத் தெரியாது என்று எவரும் நினைக்கப் போவதில்லை. கடை எண்ணை அதன் பக்கத்திலுள்ள படத்தாலும், மகனின் பெயரை அதன் நிறத்தாலும் அடையாளம் வைத்துப் பாவிப்பவர்கள் இருக்கிறார்கள். போன் மாறினால் எல்லாம் போய்விடும்.

அரசாங்கம் இந்தக் காலத்தில் மக்களோடு எழுத்தால்தான் பேசியது. 2020 ஏப்ரலிலும் மேயிலும் 5,000 ரூபா கொடுப்பனவுக்கான பட்டியலும் படிவமும், தனிமைப்படுத்தல் அறிவித்தல், பின்னர் தடுப்பூசி அட்டை. தேசிய அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தைப் பார்த்து இன்னார் இன்ன நாளில் வெளியே போகலாம் என்ற நடைமுறை வந்தபோது மட்டும் இந்த மக்கள் சிரமப்படவில்லை. இலக்கம் எல்லோருக்கும் தெரியும். 750 பஸ் எங்கே போகிறது, ஆயிரம் ரூபாத் தாள் எது, மகளின் போன் இலக்கம் என்ன என்பதெல்லாம் எழுத்துத் தெரியாதவருக்கும் மனப்பாடம். இந்தச் சின்ன விடயம் பின்னால் முக்கியமாக வரும்.

தொலைவிலிருந்து எழுத்து: மற்றவர்கள் செய்தது

வளர்ந்தவர்களுக்குத் தொலைவிலிருந்து எழுத்துக் கற்பிக்க முடியுமா? முடியும், கணினி வருவதற்கு முன்னரே செய்திருக்கிறார்கள்.

1947இல் கொலம்பியாவின் சுத்தாதென்சா என்ற மலைக்கிராமத்துக்கு வந்த ஹோசே ஹோவாக்கின் சல்சேதோ என்ற இளம் பாதிரியார் ஒரு சிறிய வானொலியைத் தொடங்கினார். அது பின்னர் நாடு தழுவிய வானொலிப் பாடசாலையாக வளர்ந்து நாற்பது வருடமளவில் இயங்கியது. இலட்சக்கணக்கான கமக்காரர்கள் அதன் வழியாக எழுத்துக் கற்றார்கள். அதன் இரகசியம் வானொலியில் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அல்லது அயலிலும் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் வானொலிக்குப் பக்கத்தில் உதவியாளராக இருந்தார். வானொலியில் ஆசிரியர் “இப்போது இந்த எழுத்தைப் பாருங்கள்” என்றால், இவர் பலகையில் காட்டுவார். கையில் பாடநூல், கிழமைக்கொரு பத்திரிகை. குரல் தூரத்திலிருந்து வரலாம். விரல் பிடிக்க ஒரு ஆள் கிட்ட வேண்டும்.

கியூபாவின் ஆசிரியை லியோனேலா ரெலிஸ் 2001இல் வடிவமைத்த ‘ஆம், என்னால் முடியும்’ என்ற முறையை வேறு பல நாடுகள் எடுத்துப் பாவித்தன. அரை மணித்தியாலமளவான 65 ஒளிப்பதிவுப் பாடங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் உள்ளூர் உதவியாளர் ஒருவர். அதன் அடிப்படை எளிமையானது. வளர்ந்தவருக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும். எனவே ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் கொடுத்து, தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு அழைத்துப் போகிறார்கள். அடையாள அட்டையின் இறுதி இலக்கத்தைத் தடுமாறாமல் சொன்ன எங்கள் அம்மாக்களுக்கு இது பொருந்தாமல் போக வேண்டிய காரணம் இல்லை.

நம் நாட்டிலேயே 1989இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோவின் உதவியோடு அங்கே இணையத்தை வானொலியோடு இணைத்தார்கள். நேயர்கள் கேள்வி கேட்பார்கள்; அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, வாசித்து, பேச்சுமொழியில் விளக்குவார். வாசிக்கத் தெரியாதவரும் இணையத்தைப் பாவித்த முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

தமிழ்நாட்டில் பெருந்தொற்றின் நடுவே, 2020 நவம்பரில், ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கம் 15 வயதுக்கு மேற்பட்ட 3.10 இலட்சம் பேரை இலக்காக வைத்துத் தொடங்கப்பட்டது. அங்கே அவர்கள் இணையத்தை நம்பவில்லை. தொண்டர்களை வைத்துச் சிறு குழுக்களாகக் கிட்டவே இருந்து கற்பித்தார்கள். அதற்கு முப்பது வருடங்களுக்கு முந்திய அறிவொளி இயக்கத்தின் நினைவு அந்த மண்ணில் இருந்தது. 1991இல் புதுக்கோட்டையில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் அந்த இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்கள் சைக்கிளும் பழகினார்கள். கல்லுடைக்கும் பெண்கள் தங்கள் கூலிக் கணக்கைத் தாங்களே பார்க்கத் தொடங்கினார்கள். எழுத்து தனியாக வந்தால் வளர்ந்தவர்கள் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. ஏதாவதொரு தேவையோடு வந்தால் வருவார்கள்.

எங்கள் பழைய தொலைக்கல்வி

உலகத்து உதாரணங்களைச் சொல்லும்போது நமது ஒன்றை மறந்துவிடக் கூடாது. 1990களின் முற்பகுதியில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கறுப்புச் சந்தையில் கேட்ட விலைக்கு விற்றது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத்திரி வைத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்டோம். கொப்பி இல்லாதபோது எழுதிய கொப்பியின் கரையில் எழுதினோம். பத்திரிகைகள் ஒரு பக்கம் வெறுமையான தாளில்கூட அச்சாகின.

எழுதத் தெரிந்த ஒருவர், எழுதப் பழகும் ஒருவர், ஒரு விளக்கு: இவ்வளவுதான் தேவைப்பட்டது. 2020இல் ஒவ்வொருவர் கையிலும் போன் இருந்தும், அந்த முறையை வளர்ந்தோருக்காக எவரும் திரும்ப எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்?

தமிழ் எழுத்தின் இயல்பிலிருந்து தொடங்க வேண்டும். 247 எழுத்து என்று சொல்லியே நாங்கள் பாதிப்பேரைக் கலைத்துவிடுகிறோம். உண்மையில் பழக வேண்டியவை உயிர் 12, மெய் 18, அவற்றோடு அரவு, விசிறி, கொம்பு, குற்று போன்ற சில அடையாளங்கள். உகர ஊகார வரிசை மட்டும்தான் ஒழுங்கில்லாமல் அலைக்கழிக்கும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளைக்கு ஆனா ஆவன்னாவில் தொடங்குவது சரி. நாற்பது வயதுப் பெண்ணுக்கு அவருடைய பெயரில் தொடங்க வேண்டும். பிறகு பிள்ளைகளின் பெயர், ஊரின் பெயர், பஸ் பலகையில் உள்ள ஊர்கள், மருந்துப் பையில் எழுதியிருக்கும் ‘காலை’, ‘இரவு’. இந்தச் சொற்களுக்குள்ளேயே பெரும்பாலான எழுத்துகள் வந்துவிடும்.

பாடம் மூன்று நிமிடக் குரல் பதிவாக இருக்கலாம், அதோடு ஒரு எழுத்தின் படம். மாணவி கொப்பியில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினால், ஆசிரியை குரலில் திருத்திச் சொல்லலாம். டேற்றா மிகக் குறைவாகப் போகும். நெடுந்தீவு, அனலைதீவு போன்ற இடங்களில் சிக்னல் வரும் நேரத்தில் இறங்கி, பிறகு எத்தனை முறையும் திருப்பிக் கேட்கலாம். சூம் வகுப்பில் இது முடியாது. முகத்தைக் காட்டி, எல்லோருக்கும் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டார். குழுவாகவும் வேண்டாம், ஒருவருக்கு ஒருவர் என்பதே இந்த வேலைக்குச் சரி. குழுவில் அடுத்த வீட்டுக்காரி இருந்தால் பாடம் அன்றோடு முடிந்தது.

சில தடைகளைப் பாடத்திட்டம் எழுதுபவர்கள் யோசிப்பதில்லை. போன் பெரும்பாலும் கணவனுடையது அல்லது பெரிய மகனுடையது. பகலில் பிள்ளையின் பாடம். தாய்க்குக் கையில் கிடைப்பது இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, அப்போது பற்றறியும் இறங்கியிருக்கும், அவரும் களைத்திருப்பார். அடுத்தது கண். நாற்பது வயதுக்குப் பின்னர் கிட்டப் பார்வை எல்லோருக்கும் மங்கும். வாழ்க்கையில் எழுத்தைப் பாராதவருக்கு அது தெரியவராது. கொப்பியைத் திறந்ததும் எழுத்துக் கலங்கினால் “என்ரை மண்டைக்கு ஏறாது” என்று மூடிவைத்துவிடுவார். வாசிப்புக் கண்ணாடி ஒன்று கொடுத்தாலே வகுப்பில் ஆட்கள் நிற்பார்கள். ஆக, ‘கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன்’ என்ற சாட்டில் அரைவாசி உண்மையும் இருக்கிறது.

மூன்றாவது, மனம். பொழுதெல்லாம் காணாமல்போன மகனின் நினைவில் இருப்பவரிடம் ஒரு எழுத்தை முப்பது தரம் எழுதச் சொல்ல முடியாது. நேற்றுப் படித்தது இன்று மறந்துபோவதைச் சோம்பலாகக் கொள்ளக் கூடாது. மூன்று நாள் பதில் வராவிட்டால் ஆசிரியை “ஏன் எழுதவில்லை?” என்று கேட்காமல் “சாப்பிட்டீங்களோ அக்கா?” என்று கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

கூகுளின் ‘ரீட் அலோங்’ செயலி 2020 மேயில் தமிழ் உட்பட ஒன்பது மொழிகளில் பரவலாக வெளிவந்தது. பிள்ளைகளுக்கானது, வாசிக்கும்போது கேட்டுத் திருத்தும், இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் இயங்கும். பிள்ளையோடு சேர்ந்து தாயும் பாவிக்கலாம், அதில் வெட்கமும் இல்லை: பிள்ளைக்குத்தானே சொல்லிக்கொடுக்கிறார். குரலை எழுத்தாக்கும் வசதியும் இருக்கிறது. தான் பேசியது எழுத்தாக விழுவதைப் பார்ப்பது சிலருக்கு நல்ல தூண்டுதல். ஆனால் அதையே ஊன்றுகோலாக்கிக்கொண்டால் கை எழுதப் பழகாது.

கையெழுத்தின் விலை

எழுத்து இல்லாமலும் வாழ்ந்துவிட்டார்கள்தானே, ஐம்பது வயதில் இனி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2010இல் அரசாங்கத் தரப்பிலிருந்து சொல்லப்பட்ட கணக்கின்படி போரில் கணவரை இழந்த பெண்கள் கிழக்கில் 49,000, வடக்கில் 40,000. இந்தக் குடும்பங்களில் காணி உறுதி, வங்கிக் கடன், வீட்டுத்திட்டம், பிள்ளையின் பதிவு என எல்லாவற்றிலும் கையொப்பம் வைக்க வேண்டியவர் இந்தப் பெண்தான். போருக்குப் பின்னர் வடக்கில் வீடு வீடாக வந்த நுண்கடன் நிறுவனங்களின் படிவங்களில் எத்தனை பேர் வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டார்கள்? 2018 ஓகஸ்டில் அரசாங்கம் வடக்கு, கிழக்கு உள்ளிட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களில் பெண்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அந்த நெருக்கடி முற்றியது. வட்டி வீதத்தை வாசிக்கத் தெரிந்தால் கடன் வாங்காமல் இருந்திருப்பார்கள் என்று சொல்லவரவில்லை. பசிக்கு வாசிப்பு மருந்தில்லை. ஆனால் கிழமைக் கட்டணம் எவ்வளவு, எத்தனை கிழமை, மொத்தம் எவ்வளவு என்பதைக் கடன் சேர்க்க வந்தவரின் வாயிலிருந்து மட்டும் அறிய வேண்டிய நிலை வேறு.

இன்னொன்று. காணாமல்போனவர்களின் தாய்மார் ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் மனுக் கொடுத்தவர்கள். 2019 ஓகஸ்டில் காணாமற்போனோர் அலுவலகத்தின் யாழ்ப்பாணக் கிளை திறக்கப்பட்டபோதும் கடிதங்கள் வந்தன. அந்த அலுவலகத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் அரசியல். அந்தத் தாய்மாரில் பலர் அதை மறுத்துத் தெருவில் நிற்கிறார்கள். ஆனால் மகனைப் பற்றி வரும் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இன்னொருவர் வாசித்துச் சொல்லிக் கேட்பதற்கும், தானே வாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வாசித்துச் சொல்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுவார். இரக்கத்தால்தான் மாற்றுவார். (சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்துக்கு முன்னால் பட்டதாரியும் எழுத்தறியாதவர்தான் என்பது வேறு கதை.)

திரும்ப வந்த முடக்கம்

பெருந்தொற்று ஒருமுறை வந்து போனதாக நினைக்கக் கூடாது. 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை, 2021 ஏப்ரலுக்குப் பின்னர் மூன்றாம் அலை. 2021 ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். கோரிக்கை நியாயமானது, வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத பிள்ளைக்கு அந்த மாதங்கள் முழு வெறுமை என்பதும் உண்மை. 200க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள ஆரம்பப் பாடசாலைகள் ஒக்டோபர் 21இல்தான் திறக்கத் தொடங்கின. 2022இல் பொருளாதார நெருக்கடி. மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எரிபொருள் இல்லாமல் மீண்டும் பாடசாலை மூடல், மீண்டும் போனில் பாடம். போத்தல் விளக்கு செய்யத் தெரிந்தவர்கள் அப்போது பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டினார்கள்.

இப்போது வகுப்புகள் நேரில் நடக்கின்றன. தொடங்க விரும்பும் ஒருவர், அல்லது அம்மாவுக்காக, அயலிலுள்ள அக்காவுக்காகத் தொடங்க விரும்பும் ஒருவர், தங்கள் வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவிடம் எழுத்தறிவு வகுப்பைப் பற்றிக் கேட்கலாம். தையல் வகுப்பைக் காட்டினால், எழுத்து வகுப்புத்தான் வேண்டும் என்று திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். ஐந்தாறு பேர் சேர்ந்து கேட்பது நல்லது. மாதர் சங்கமோ சனசமூக நிலையமோ இடம் கொடுக்கும். பத்திரிகை போடும் மேசை அங்கே ஏற்கனவே இருக்கிறது, பின்னேரத்தில் காலியாகவும் கிடக்கிறது.

அதுவரை வீட்டில் தொடங்குவதற்கு ஒரு ஒற்றை றூள் கொப்பி, ஒரு பென்சில், தேவையென்றால் ஒரு வாசிப்புக் கண்ணாடி. முதல் நாள் பெயர். ஒரு கிழமைக்குப் பிறகு பிள்ளைகளின் பெயர்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் குரல் பதிவில் ஒரு எழுத்தையும் அதன் படத்தையும் அனுப்பலாம். அங்கே இரவு, இங்கே காலை என்பது இந்த வேலைக்கு வசதிதான். எங்கள் ஒழுங்கை அக்காவுக்குத் தங்கை இப்போது அப்படித்தான் அனுப்புகிறார். ‘ழ’வில் நிற்கிறார்கள். சுழி எந்தப் பக்கம் வரும் என்பதில் இன்னும் தகராறு.